‘வடித்த’ என்ற சொல்லை எங்கே தொலைத்தார்கள்?

“காய்ச்சின தண்ணிதான் சார், பயப்படாதீங்க.”

இன்வெர்ட்டர் பேட்டரியைப் பராமரிக்க நேற்று வந்தவர், நான் அறைக்குள் நுழைவதற்குள் ஆறு செல்களில் மூன்றில் ஊற்றி முடித்துவிட்டு, நான்காவது மூடியைத் திருகியபடியே சொன்ன பதில் இது. கையில் இருந்தது, குடிப்பதற்காகக் காய்ச்சி ஆறவைத்திருந்த தண்ணீர்ப் பாத்திரம். அதன் உட்புறம் முழுவதும் சுண்ணாம்பு பூசியதுபோல வெண்படலம் படிந்திருந்ததை அவர் பார்க்கவில்லையா? காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு சாகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சத்தில் உப்பின் செறிவு கூடத்தான் செய்யும். பேட்டரிக்கு வேண்டியது காய்ச்சி வடித்த நீர், அதாவது ஆவியைக் குளிரவைத்துப் பிடித்த, உப்பில்லாத நீர். அந்த ‘வடித்த’ என்ற ஒரு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள்.

மினரல் வாட்டர் ஊற்றுபவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். உடம்புக்கு நல்ல தாது பேட்டரிக்கும் நல்லது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பேட்டரிக்கு வேண்டிய ஈயம் தகட்டிலேயே இருக்கிறது. தண்ணீரோடு வரும் இரும்பு நேர்த்தகட்டுக்கும் எதிர்த்தகட்டுக்கும் இடையே போய்வந்து, நாம் ஏற்றிவைத்த மின்சாரத்தைச் சும்மா இருக்கும்போதே கரைக்கும். குளோரைடு நேர்த்தகட்டை அரிக்கும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரிந்து வெளியேறுவது நீர் மட்டுமே என்பதால், உள்ளே போன உப்பு உள்ளேயே தங்கி, ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் சேர்ந்துகொண்டே போகும்.

இவ்வளவையும் நான் நின்றபடியே சொன்னேன். “எல்லா வீட்லயும் இப்படித்தான் சார் ஊத்துறோம்” என்றார். எத்தனை வீட்டுப் பேட்டரிகள் ஆயுள் முடியும் முன்பே செத்திருக்கும் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

அதோடு விட்டாரா? மூன்று செல்களிலும் கழுத்துவரை ஊற்றியிருந்தார். நீர்மட்டம் காட்டும் மிதவையின் பச்சைக் குறி எப்போதோ தாண்டிப்போயிருந்தது. சார்ஜ் ஏறினால் திரவம் விரியும், குமிழிடும், அமிலத்தோடு பொங்கி வழிந்து முனைகளை அரிக்கும். தகடு வெளியே தெரியாதவரை, முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகுதான் குறிவரை நீர் விட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம் அல்லவா? அளவு கூடிவிட்டதே என்று கேட்டதற்கு, “கொஞ்சம் ஆசிட் விட்டா சரியாயிடும்” என்றார். குறைந்தது நீர், அதற்கு மருந்து அமிலமா? அளவுக்கு மீறிய அமிலம் தகடுகளையே தின்றுவிடும். அவர் பையைத் திறப்பதற்குள் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன்.

என்னால் தாங்கவே முடியாதது இன்னொன்று. ‘பேட்டரி தண்ணீர்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ஐந்து லிட்டர் கேன், முத்திரைகூடப் பிரிக்காமல், அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போயிருக்கிறார். போகும்போது கட்டணத்தையும் வாங்கிக்கொண்டுதான் போனார்.

அவர் போனதும் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, அமிலக் கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரின் ரப்பர்க் குமிழால் மேல்மட்டத் தண்ணீரை இயன்றவரை உறிஞ்சி எடுத்தேன். இரவு முழுதும் சார்ஜ் ஏற்றி இன்று காலை அளந்தேன். அவர் தொடாத மூன்று செல்களில் 1.26. ஊற்றிய மூன்றிலும் 1.22, அமிலம் நீர்த்துப்போயிருந்தது. இரண்டு ஆண்டுகளாக ஆறும் ஒரே அளவைக் காட்டிவந்த பேட்டரி அது.