"நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கோ?"

கார்த்திகை பிறந்து மாரி மழை பிடித்துவிட்டால் வன்னியில் ஒவ்வொரு வகுப்பு வைபர் குழுவிலும் இரவு 8 மணிக்குப் பிறகு இதே கேள்விதான்: "ரீச்சர், நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கோ?" ரீச்சருக்குத் தெரியாது. அதிபருக்கும் தெரியாது. அவர் வலயக் கல்வி அலுவலகத்தைக் கேட்பார், வலயம் மாகாணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். 10 மணிபோல யாரோ பள்ளிக்கூடம் மூடுகிற கடிதம் ஒன்றின் படத்தைப் போடுவார்கள். உற்றுப் பார்த்தால் அது போன வருசத்துக் கடிதம்.

பெற்றோரின் கோபம் நியாயமானது. ஆனால் "ரெண்டு துளி விழுந்தவுடனை மூடுறாங்கள், பிள்ளையளின்ரை படிப்புப் போச்சு" என்று ஒரு பகுதியும், "இந்த வெள்ளத்துக்குள்ளை பிள்ளையை அனுப்பச் சொல்றாங்களே" என்று மற்றப் பகுதியும் பின்னூட்டங்களில் பிடிக்கிற சண்டையால் ஒரு பலனும் இல்லை. இரண்டு பகுதியும் சொல்வது சரி. அவர்கள் இருக்கிற ஊர்கள்தான் வேறு. மூடுகிற முடிவை மாகாணம் முழுக்க ஒரே கடிதத்தால் எடுக்காமல், குளத்தையும் ரோட்டையும் பார்த்துப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக எடுக்க வேணும். அதை முதல் நாள் பின்னேரம் 6 மணிக்குள் சொல்ல வேணும். இதுதான் என் கட்சி.

வடமாகாணத்தில் 13 கல்வி வலயங்கள். அவற்றில் 8 வன்னிக்குள் வருகின்றன: கிளிநொச்சி வடக்கு, கிளிநொச்சி தெற்கு, முல்லைத்தீவு, துணுக்காய், மன்னார், மடு, வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு. இந்த எட்டுக்கும் ஒரே நாளில் ஒரே தண்ணி வருவதில்லை. வவுனியா நகரத்துப் பிள்ளை குடையோடு தார் ரோட்டால் நடந்து போய்விடும் அதே காலையில், கண்டாவளைப் பிள்ளைக்கு வீட்டுப் படலையைத் தாண்ட முடியாமல் இருக்கும்.

இதில் பலர் யோசிக்காத ஒரு விசயம் இருக்கிறது. மழை பெய்கிற நாளும் வெள்ளம் வருகிற நாளும் ஒரே நாளாக இருக்க வேண்டியதில்லை. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் தொடங்கி வடக்கே ஓடி இரணைமடுக் குளத்துக்கு வருகிறது. அங்கே நிரம்பினால் வெளியேறி, சுண்டிக்குளம் பக்கம் போய்க் கடலேரியில் விழுகிறது. மேலே பெய்த மழை குளத்துக்கு வந்து சேர நேரம் எடுக்கும். இரணைமடுவின் முழுக் கொள்ளளவு 36 அடி. அதை நெருங்க நெருங்க நீர்ப்பாசனத் திணைக்களம் வான்கதவுகளை, அதாவது மிஞ்சுகிற தண்ணியை வெளியேற்றுகிற கதவுகளைத் திறக்கத் தொடங்கும். திறந்த தண்ணி பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை என்று இறங்குகிறபோது வானம் வெளித்து வெயிலும் எறிக்கலாம். "சீரற்ற காலநிலை காரணமாக" திங்களும் செவ்வாயும் மூடிவிட்டு, வெயிலைப் பார்த்துப் புதன்கிழமை திறந்தால், வெள்ளம் வருகிற நாளில்தான் பிள்ளை ரோட்டில் நிற்கும்.

மறுவளமும் நடக்கிறது. ஐப்பசியில் முதல் மழைக்கு நிலம் காய்ந்து கிடக்கும், குளங்களில் இடம் இருக்கும். அப்போது ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தாலும் பெரும்பாலான இடங்களில் ரோட்டுப் பள்ளங்களில் தண்ணி நிற்பதோடு முடிந்துவிடும். கார்த்திகைக் கடைசியில் நிலம் ஊறி, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், கல்மடு எல்லாம் விளிம்பில் நிற்கும்போது அதில் பாதி மழையே ரோட்டை மேவப் போதும். ஆகவே வளிமண்டலவியல் திணைக்களம் சொல்கிற மில்லிமீற்றரை மட்டும் வைத்து எடுக்கிற முடிவு அரைகுறை. அதன் பக்கத்தில் அன்றைய குளத்து நீர்மட்டத்தையும் வைக்க வேணும். அந்தக் கணக்கு மாவட்டச் செயலகத்திலும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலும் மாரிகாலத்தில் நாளாந்தம் இருக்கிறது. வலயக் கல்வி அலுவலகத்து மேசைக்கு அது போவதுதான் இல்லை.

முல்லைத்தீவுக் கரையோரத்தின் கதை இன்னும் வேறு. நந்திக்கடலின் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் தண்ணி கடலுக்குப் போக வழியில்லாமல் வட்டுவாகல் பக்கம் ஏறும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் மட்டம் இறங்கும். அங்கே பள்ளிக்கூடம் நடக்குமா என்பதை மழையைவிட அந்த வெட்டுத்தான் கூடத் தீர்மானிக்கிறது.

சரி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக முடிவெடுப்பது எப்படி? அதிபர் தன் எண்ணத்துக்கு மூட முடியாது, வலயப் பணிப்பாளரின் அனுமதி வேணும். அனுமதியில்லாமல் மூடினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்ற பயம். மூடாமல் ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஊர் விடாது என்ற பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் நிற்பவர் மேலிடம் சொல்லும்வரை வாய் திறக்காமல் இருப்பதைக் குறை சொல்ல முடியாது. அவருடைய கையில் ஒரு தாள் இருந்தால் நிலைமை மாறும்.

அந்தத் தாளைப் புரட்டாதியிலேயே வகுப்பாசிரியர்கள் தயாரிக்கலாம். பதிவேட்டில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே மூன்று நிரல்கள். முதலாவது, வீட்டிலிருந்து வரும்போது எந்தத் தண்ணியைக் கடக்கிறது: எந்த மதகு, எந்த வாய்க்கால், எந்தக் குளத்து வான். இரண்டாவது, அந்த இடம் மேவினால் சுத்துப்பாதை இருக்கிறதா, அது எத்தனை கிலோமீற்றர். மூன்றாவது, தண்ணிக்குப் பள்ளிக்கூடப் பக்கத்தில் அந்தப் பிள்ளை தங்கக்கூடிய சொந்தக்காரர் வீடு இருக்கிறதா, அவர்களின் தொலைபேசி இலக்கம் என்ன. 300 பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில்கூட இடங்களின் பட்டியல் நாலைந்தோடு முடிந்துவிடும். அந்த நாலைந்து இடத்துக்கும் பக்கத்து வீட்டுப் பெற்றோர் ஒருவர் பின்னேரம் 4 மணிக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினால், 5 மணிக்கு அதிபர் வலயத்திடம் "எங்களுக்கு 120 பிள்ளையள் வர ஏலாது, மற்றவை வரலாம்" என்று கணக்கோடு பேசலாம்.

எத்தனை அடித் தண்ணி ஆபத்து என்பதிலும் எங்கள் சனத்திடம் ஒரு அசட்டுத் துணிவு இருக்கிறது. ஓடுகிற தண்ணி 15 சென்ரிமீற்றர், அதாவது கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். 30 சென்ரிமீற்றரில் சின்னக் காரையே நகர்த்தும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. இதில் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடப்பது வெறுங்காலோடு கடப்பதைவிட மோசம், ஏனென்றால் தண்ணி சில்லில் பிடித்துத் தள்ளும், பிள்ளை சைக்கிளை விடாது. மதகுகளில் இன்னொரு வில்லங்கம்: கலங்கல் தண்ணியில் ரோட்டு விளிம்பு தெரியாது, கரை அரித்துப் போயிருப்பதும் தெரியாது. மாரிக்கு முதல் மதகின் நாலு மூலையிலும் ஒரு ஆள் உயரத்துக்குக் கம்பு நட்டு, கணுக்கால் மட்டத்தில் சிவப்பு வர்ணம் அடித்துவிட்டால், வர்ணம் மூழ்கியதா இல்லையா என்று தூரத்தில் நின்றே சொல்லலாம். பிரதேச சபையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கிற வேலை.

ஏன் பின்னேரம் 6 மணி? ஆரம்பப் பிரிவுக்குச் சாப்பாடு சமைக்கிற அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள். மரக்கறியும் முட்டையும் முதல் நாள் பின்னேரமே வாங்கிவிடுவார்கள். விடிய 4 மணிக்கு அடுப்பு மூட்டி, 6 மணிக்கு "இன்றைக்கு இல்லை" என்று செய்தி வந்தால் அந்தக் கீரையும் சோறும் யாருக்கு? பரிமாறிய சாப்பாட்டுக்குத்தான் காசு, சமைத்ததற்கு இல்லை. கூலி வேலைக்குப் போகிற தாயின் நிலையும் இதுதான். முதல் நாள் தெரிந்தால் அம்மம்மா வீட்டில் பிள்ளையை விடலாம். விடிய 6 மணிக்குத் தெரிந்தால் அன்றைய கூலி போச்சு, அல்லது எட்டு வயதுப் பிள்ளை ஐந்து வயதுத் தம்பியோடு வெள்ளம் சூழ்ந்த வளவில் தனியே நிற்கும். வீட்டில் நிற்கிற பிள்ளை பத்திரம் என்று எழுதுகிறவர்கள் இதையும் யோசிக்க வேணும்.

6 மணிக்குச் சொன்னாலும் போய்ச் சேர வேணுமே. கரண்ட் நின்று போன் செத்துக் கிடக்கிற வீடுகளும், இருக்கிற ஒரே போனை அப்பா வேலைக்குக் கொண்டுபோகிற வீடுகளும் இங்கே நிறைய. வைபரை மட்டும் நம்பக்கூடாது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி இரண்டு தரம் அறிவித்தால் போதும். கடிதப் படம் வந்தால் பகிர முதல் மூன்றைப் பாருங்கள்: திகதியில் இருக்கிற வருசம், எந்தெந்த வலயத்துக்கு என்ற வரி, ஆசிரியர்களும் வரத் தேவையில்லையா என்ற வரி. மூன்றாவது இல்லாததால் வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விடிய 5 மணி பஸ் எடுத்து வந்து, பூட்டிய கேற்றுக்கு முன்னால் நிற்கிற ஆசிரியர்கள் உண்டு.

(இடையில் ஒன்று. பள்ளிக்கூடம் லீவு, ரியூசன் இருக்கு! அதே பிள்ளை, அதே மதகு, அதே தண்ணி. அதற்கு ஒரு பெற்றோரும் பதிவு போட்டதாகக் காணவில்லை.)

கனடாவில் இருக்கிற உறவுகளைக் கேட்டால் சொல்வார்கள்: ஒன்ராறியோவில் பனி கொட்டுகிற நாளில் பள்ளிக்கூட பஸ் ஓடாது என்பதும் பள்ளிக்கூடம் மூடுகிறது என்பதும் இரண்டு தனி அறிவித்தல்கள். பஸ்ஸைப் பகுதி பகுதியாக நிறுத்துவார்கள், கட்டடம் பல நாட்களில் திறந்தே இருக்கும், வரக்கூடியவர்கள் வருவார்கள். எங்களுக்கும் அந்த நடுவழி வேணும். பள்ளிக்கூடம் திறந்திருக்கும், தண்ணிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வரத் தேவையில்லை, அவர்களுக்கு வரவின்மை போடப்படாது. உயர்தரப் பரீட்சைக்கு 80 வீத வரவு கேட்கிற நாட்டில் இந்தக் கடைசி வரி எழுத்தில் இருக்க வேணும்.

நடுப்பகலில் அவசரமாக விடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. வான் திறக்கிறார்கள் என்று 11 மணிக்குத் தகவல் வந்ததும் மணி அடித்துப் பிள்ளைகளைக் கலைத்துவிட்டால், தண்ணி வருகிற பக்கத்துக்கே அவர்களை அனுப்புகிறோம். மேலே சொன்ன மூன்றாவது நிரல் இதற்குத்தான். ஆரம்பப் பிரிவுப் பிள்ளை ஒன்றையும் ஆள் வந்து கூட்டிப்போகாமல் விடக்கூடாது.

வெள்ளம் வற்றிய பிறகும் ஒரு கிழமை பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறதே என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் மழை இல்லை. ஊரில் மேடான, கல்லால் கட்டிய பெரிய கட்டடம் பள்ளிக்கூடம்தான், அதனால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் அங்கே வருகின்றன. அவர்களைக் குறை சொல்லாதீர்கள். பொதுநோக்கு மண்டபங்களை முதலில் நிரப்பி, பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டடத்தை மட்டும் கொடுத்தால் மற்றப் பக்கத்தில் மேல் வகுப்புகளையாவது நடத்தலாம். ஆட்கள் போன பிறகு சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்துக் கழுவ வேணும், காய்ந்தால் இரண்டு மடங்கு வேலை. நிரம்பிய மலசலகூடக் குழிக்குப் பிரதேச சபை பவுசரை அன்றைக்கே பதிய வேணும், பிந்தினால் வரிசை நீளும். தண்ணி ஏறிய பிளக் பொயின்ற்றுகளை மின்னியலாளர் பார்க்காமல் மெயின் சுவிச்சைப் போடக்கூடாது.

கிணற்றில்தான் அதிகம் பிழை விடுகிறோம். பெரிய மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இறைத்தால், சுற்றி ஊறி நிற்கிற நிலத்தின் அழுத்தத்தில் கட்டு உள்ளே சரியலாம். வெளி நீர்மட்டம் இறங்கவிட்டு, ஆறுதலாக இறைத்து, சுவரைத் தேய்த்து, ஊறவிட்டுப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் போட வேணும். 3 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 2 மீற்றர் ஆழத்துக்குத் தண்ணி நின்றால் அது ஏறக்குறைய 14,000 லீற்றர். குளோரினைக் கண் மட்டத்துக்கு ஒரு பேணி அள்ளிக் கொட்டுகிற வேலையில்லை. குளோரின் போட்டு அரை மணி கழிந்தும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்க வேணும். அதை அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நாட்காட்டியைப் பற்றியும் சொல்ல வேணும். 2024 நவம்பர் 25 இல் தொடங்கிய உயர்தரப் பரீட்சை இரண்டே நாளில் நின்று டிசம்பர் 4 இல்தான் தொடர்ந்தது. 2025 இல் டித்வா புயலோடு இடைநின்ற பரீட்சையின் மிச்சம் 2026 ஜனவரிக்குப் போனது. மாரி உச்சத்தில் பரீட்சை வைத்தால் இதுதான் நடக்கும். தேசியப் பரீட்சையை நாங்கள் நகர்த்த முடியாது, ஆனால் மூன்றாம் தவணைப் பரீட்சையை ஐப்பசி நடுவுக்குக் கொண்டுவர மாகாணம் முயன்றால் முடியாதா? நாடு முழுக்க ஒரே நாட்காட்டிதான் என்று சொல்ல வேண்டாம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பை ஒட்டித் தனித் தவணைக் காலம் இருக்கிறது.

கடைசியாக, போன நாட்கள். இப்போதைய வழக்கம் சனிக்கிழமை பதில் பாடசாலை. கடிதத்தில் அது நிறைவு, வகுப்பில் பாதிப் பிள்ளைகள்கூட இருக்காது. வயலில் புல்லுப் பிடுங்குகிற காலம், ரியூசன் நாள், பஸ்ஸும் குறைவு. ஒரு நாளைக்கு 40 நிமிசப் பாடவேளை 8 என்று வைத்துக்கொள்வோம். ஆகவே 8 நாட்களுக்குத் தினம் ஒரு பாடவேளை கூட்டினால் ஒரு முழு நாள் திரும்பி வரும், வந்திருக்கிற பிள்ளைகளுக்கே அது போய்ச் சேரும். எந்தப் பாடம் எத்தனை வேளை இழந்ததோ அதற்கே கொடுக்க வேணும், வழக்கம்போல எல்லாவற்றையும் கணிதத்துக்கு எழுதாமல். ஐந்து நாளுக்குப் போதுமான செயலட்டைகளை ஐப்பசியிலேயே அச்சடித்துப் பொலித்தீன் உறையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் சிக்னல் இல்லாத ஊரிலும் பிள்ளைக்கு வேலை இருக்கும். ஒரு தடை உண்டு: பள்ளிக்கூடம் 1.30 க்குப் பதில் 2.10 க்கு விட்டால் பின்னால் இருக்கிற கிராமங்களுக்குப் போகிற பஸ் போய்விடும். அதனால் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் டிப்போ முகாமையாளரிடமும் தனியார் பஸ் சங்கத்திடமும் நேரமாற்றத்தை எழுத்தில் வாங்கிய பிறகே இதைத் தொடங்குங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் புரட்டாதிக் கூட்டத்தில் இந்த நேரமாற்றக் கடிதத்துக்கான தீர்மானத்தையும் மதகுப் பட்டியலையும் ஒன்றாகவே எடுக்கலாம்.