யாருடைய குழாய் இது?

எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் மூளைக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் என்ன உறவு என்று ஆராய்கிறவர்கள். ஃப்ரீசரில் மைனஸ் 80 டிகிரியில் கிடக்கும் சாம்பிள் குழாய்க்கும் தனக்கும் என்ன உறவு என்று மட்டும் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது! பெயர் இல்லை, தேதி இல்லை. மூடியில் 'புதுசு' என்று கிறுக்கியிருக்கும். எப்போது புதுசு?

ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் பொருள்) கதை இன்னும் மோசம். உருக்கி, உறைய வைத்து, திரும்ப உருக்கினால் கெட்டுப்போகும். அதனால் சின்னச் சின்னக் குழாயாகப் பிரித்து வைக்கணும். நேற்றுச் சேர்ந்த மாணவருக்கும் இது தெரியும். செய்வார்களா? மூளையின் நோய் எதிர்ப்பு செல்லான மைக்ரோகிளியாவை, அதிலுள்ள ஐபிஏ1 புரதத்தில் ஆன்டிபாடியை ஒட்டவைத்துக் காட்ட வேண்டிய சாயம் மங்கலாக வந்ததும் மைக்ராஸ்கோப்பைத் திட்டுவார்கள். 1919இல் ஸ்பெயின் விஞ்ஞானி ரியோ ஓர்டேகா வெள்ளி கார்பனேட்டை வைத்தே அந்த செல்லைத் தெளிவாகக் காட்டிவிட்டார். (ஃப்ரீசரில் பங்குக்கு ஆள் இல்லை, கொடுத்து வைத்தவர்.)

செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணி வகை பிரிக்கும் மெஷினான ஃப்ளோ சைட்டோமீட்டருக்கு மத்தியானம் முழுக்கப் பெயர் எழுதி வைத்துவிட்டு ஆளே வராத மகராசன் ஒருத்தர் உண்டு. மூளையிலிருந்து பிரித்தெடுத்த செல்கள் ஐஸில் எவ்வளவு நேரம் தாங்கும்? கேட்டால், "மெஷின் சும்மாத்தானே இருந்துச்சு, நீங்க ஓட்டியிருக்கலாமே" என்கிறார்.