அந்த வீடியோவில் திரும்பாத சிஸ்டர் நான்தான்

ஆமாம், நான்தான். மூன்று தடவை "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டும் திரும்பவில்லை, எவ்வளவு திமிர் என்று நாலு நாளாக எல்லா குரூப்பிலும் சுற்றுகிறதே, அதே வீடியோ. அதில் என் முதுகு நன்றாகத் தெரிகிறது. கையில் என்ன இருந்தது என்பது மட்டும் தெரியவில்லை.

நோயாளிக்குப் போட இன்சுலினை சிரிஞ்சில் இழுத்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊரில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியிலும் வருகிறது, 100 யூனிட் உள்ள குப்பியிலும் வருகிறது. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்து, 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்துவிட்டால் உள்ளே போவது 25 யூனிட். நடுராத்திரியில் சர்க்கரை ரொம்ப இறங்கி, வியர்த்துக் கொட்டி நினைவு தப்பும். அப்போதும் வீடியோ எடுப்பீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இதே மாதிரி மருந்து எடுக்கும்போது "டாக்டர் எப்ப வருவாரு?" என்று ஒருவர் கேட்டார். திரும்பிப் பதில் சொன்னேன், பத்து விநாடிகூட இருக்காது. அப்புறம் கைக்கு வந்த சிரிஞ்சை எடுத்து இழுத்துவிட்டேன். சீனியர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை. "மூடியப் பாரு" என்றார், அவ்வளவுதான். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து மருந்து கையில் இருந்தால் நான் திரும்புவதில்லை.

"ஒரு நிமிஷம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" சொல்லியிருக்கலாம், சரி. பல நாள் சொல்லவும் செய்கிறேன். ஆனால் அதைச் சொன்னதும் "இல்ல சிஸ்டர், சின்ன விஷயம்தான்" என்று ஆரம்பிப்பார்கள், கோடு எங்கே விட்டோம் என்பது போய்விடும். "அவசரமா இருந்தா?" மூச்சுத் திணறும் ஆளுக்காகக் கூப்பிடும் குரல் வேறு, எங்களுக்குத் தெரியும், ஓடுவோம். அன்று கேட்டது ஃபேன் வேகத்தைக் குறைக்க. "நர்ஸுங்க போன்தான பாக்கறாங்க?" என் போன் லாக்கரில் இருக்கிறது, வந்து பாருங்கள்.

1974ல் அமெரிக்காவில் சார்லட் நகரத்தில் இறங்க வந்த விமானம் விழுந்து 72 பேர் செத்தார்கள். இறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலும் பழைய கார்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். 1981ல் விதியே போட்டார்கள், 10,000 அடிக்குக் கீழே வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது என்று. விமானி பேசாமல் இருந்தால் பொறுப்பு, நான் பேசாமல் இருந்தால் திமிரா?

அன்று ராத்திரி வார்டில் இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை நான் ஒருத்தி பார்த்தேன். தண்ணீர் குடித்தது எப்போது என்றுகூட நினைவில்லை. அதை எந்த குரூப்பிலும் யாரும் போடவில்லை.

நேற்று என் மகள் அந்த வீடியோவைக் காட்டி, "ஏம்மா திரும்பல, அவங்க பாவம்ல?" என்று கேட்டாள். அவள் ஸ்கூல் பிள்ளைகளுக்கும் போயிருக்கிறது. உட்கார வைத்து இரண்டு சிரிஞ்சையும் காட்டி விளக்கினேன். அவளுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.