அடாப்டர் போட்டால் சென்சார் எரியாது

"வேறு கம்பெனி லென்ஸை அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டினால் சென்சார் எரிந்துவிடும், படமும் மங்கும்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அது தவறு.

லென்ஸ் பொருந்தும் வளையமான மவுன்ட்டிலிருந்து, படத்தைப் பதிவுசெய்யும் சிப்பான சென்சார் வரையிலான தூரம் கேனானின் இஎஃப் மவுன்ட்டில் 44 மி.மீ., சோனியின் இ மவுன்ட்டில் 18 மி.மீ. இஎஃப் லென்ஸைச் சோனியில் பொருத்தும் சாதாரண அடாப்டர், மீதி 26 மி.மீட்டரை நிரப்பும் குழாய்தான். உள்ளே மின்தொடர்பு இருக்கலாம், லென்ஸ் கண்ணாடி கிடையாது. அளவு பிசகிய மலிவு அடாப்டரில் ஓரங்கள் மங்குவது உண்டு. அது அந்த அடாப்டரின் குறை. சூரியனை நேராக வெகுநேரம் நோக்க வைத்தால் சென்சார் கெடலாம், ஆனால் எந்த லென்ஸுக்கும் அதுதான் கதி! வதந்தி இங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.

உண்மையான குறைகள் வேறு. ஆட்டோஃபோகஸ் மந்தமாகலாம். பழைய மேனுவல் லென்ஸ் என்றால், கேமரா பாடியின் அதிர்வுத்தடுப்பு சரியாக வேலை செய்ய ஃபோக்கல் லெங்த்தை (லென்ஸின் மி.மீ. அளவை) நாமே மெனுவில் கொடுக்க வேண்டும். இப்படிக் கேமரா அடையாளம் காணாத லென்ஸிலும் படம் எடுக்க, சோனி மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயக்கும் வசதியே இருக்கிறது. கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். மவுன்ட் அளவுகளையும் தயாரிப்பாளர்களின் விவரக்குறிப்பில் சரிபார்க்கலாம்.

அந்தச் செய்தி வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.