அறுந்தது செயின்தானே, அந்த ஸ்க்ரூவை எதுக்குத் திருகுறீங்க?

கியர் சைக்கிள்ல செயின் அறுந்தா நம்ம ஊர்ல நடக்குற வேலை எப்பவும் ஒரே மாதிரிதான். சுத்தியலும் ஆணியும் வெச்சு, கண்ணிகளைக் கோத்திருக்குற பழைய பின்னைத் தட்டி எடுப்பாங்க, முறிஞ்ச கண்ணியைத் தூக்கிப் போடுவாங்க, மிச்சத்தை இழுத்துச் சேர்த்து அதே பின்னைத் திரும்ப அடிச்சு உள்ள விடுவாங்க. பத்து நிமிஷத்துல வண்டி ரெடி. மறுநாள் மூணாவது கியர் போட்டா நாலுக்குத் தாவுது, மேட்டுல அழுத்தி மிதிச்சா டக்டக்குனு வழுக்குது, பெரிய பல்சக்கரத்துக்கு ஏறவே மாட்டேங்குது. திரும்பக் கொண்டுபோனா உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்துற பின் டீரெய்லர்ல இருக்குற ரெண்டு சின்ன ஸ்க்ரூவைத் திருக ஆரம்பிச்சுடுறாங்க. கடையில மட்டுமா? வண்டி வெச்சிருக்குறவங்களும் வீடியோ ஒண்ணைப் பார்த்துட்டு முதல்ல கை வைக்கிறது அங்கதான்.

ஏங்க, நேத்து வரைக்கும் சரியா விழுந்த கியர் இன்னிக்கு விழலைன்னா நடுவுல என்ன மாறிச்சுன்னுதானே பார்க்கணும்? செயின் அறுந்தப்போ அந்த ஸ்க்ரூ தானாவா திரும்பிச்சு? அது இருந்த இடத்துலதான் இருக்கு. மாறினது வேற: செயினோட நீளம், சேர்த்த கண்ணி, ஹேங்கர் (டீரெய்லரை ஃபிரேமோட பிடிக்கிற துண்டு), கேஜ் (டீரெய்லர்ல செயினை வழிநடத்துற கூடு), செயின் போற பாதை. இந்த அஞ்சையும் பார்க்காம ஸ்க்ரூவைத் தொடுறது பெரிய அநியாயம்.

அந்த ரெண்டு ஸ்க்ரூவுக்கும் இருக்குறது ஒரே வேலை. டீரெய்லர் வெளிப்பக்கம் எதுவரைக்கும் போகலாம்னு எச் ஸ்க்ரூ எல்லை போடும், உள்பக்கம் எதுவரைக்கும் வரலாம்னு எல் ஸ்க்ரூ எல்லை போடும். நடுவுல இருக்குற 2, 3, 4, 5, 6-வது பல்சக்கரங்களுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. நடு கியர்ல கோளாறுன்னு சொல்லி வந்த வண்டிக்கு எல் ஸ்க்ரூவைத் தளர்த்தி விட்டா, அடுத்த ஏத்தத்துல டீரெய்லர் பின் சக்கரத்து ஸ்போக்ஸுக்குள்ள போகும். டீரெய்லர், ஹேங்கர், நாலஞ்சு ஸ்போக்ஸ் எல்லாம் ஒரே நொடியில காலி. எச் ஸ்க்ரூவைத் தளர்த்தி விட்டா செயின் கடைசிச் சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி ஃபிரேமுக்கும் அதுக்கும் நடுவுல மாட்டிக்கும். செயின் அறுந்ததுல நூறு ரூபாயில முடிய வேண்டிய வேலை ஆயிரக்கணக்குல போய் நிக்கிறது இப்படித்தான்.

முதல் குற்றம் அந்தச் சுத்தியல்தான். கியர் செயின்ல இருக்குற பின்னோட நுனி ரெண்டு பக்கமும் தொழிற்சாலையிலயே அகலப்படுத்தி வெளித்தகட்டோட பிடிக்க வெச்சது. ஒருதடவை தட்டி வெளிய எடுத்தா அந்த விளிம்பு செதுங்கிப் போயிடும், தகட்டோட ஓட்டையும் லேசா பெருத்துடும். அதையே திரும்ப அடிச்சு விட்டா வெறும் உராய்வுலதான் நிக்கும். அப்புறம் பெடலோட சேர்ந்து சுத்துற முன் செயின்வீல்ல கியர் மாத்தும்போது அழுத்தி மிதிச்சா பக்கவாட்டுல வர்ற விசைக்குத் தகடு பின்னை விட்டு நழுவி வெளிய வந்துடும். மூணே நாள்ல அதே இடத்துல மறுபடி அறுந்தா ‘செயின் குவாலிட்டி சரியில்ல’னு பழி வேற! அந்தச் செயின் என்னங்க பாவம் பண்ணிச்சு?

இதுக்குத்தான் குயிக் லிங்க்னு ஒண்ணு இருக்கு, பின் அடிக்காமலே மாட்டிப் பூட்டுற கண்ணி. ரெண்டு பக்கமும் உள் கண்ணி வர்ற மாதிரி விட்டு, நடுவுல இதை மாட்டி, மேல்பக்கச் செயின்ல இருக்குற மாதிரி பெடலைச் சுத்தி, பின் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு பெடலை ஒரு அழுத்து. டக்குனு பூட்டிக்கும். ஆனா பின்னால எத்தனை பல்சக்கரமோ அதுக்கேத்த லிங்க்தான் வாங்கணும். 6, 7, 8-க்கு ஒரே அளவு. செயினோட வெளி அகலம் சுமார் 7.1 மி.மீ. 9-க்கு 6.6, 10-க்கு 5.9, 11-க்கு 5.5, 12-க்கு 5.3 மி.மீ. பக்கம். அகலமான லிங்கை ஒல்லிச் செயின்ல போட்டா பக்கத்துப் பல்லுல உரசிக்கிட்டே கியரை இழுக்கும். ஒல்லி லிங்கை அகலச் செயின்ல போட்டா முழுசாப் பூட்டாது, ஓடும்போது திறந்துக்கும். இன்னும் கொடுமை, சாதா சைக்கிள் செயின்லேருந்து ரெண்டு கண்ணியை வெட்டி ஒட்டுப்போடுறது. அது உள் அகலம் 1/8 அங்குலம், கியர் செயின் 3/32 அல்லது அதுக்கும் கம்மி. நீட்டிக்கிட்டு இருக்குற பின் ஒவ்வொரு சுத்துலயும் பக்கத்துப் பல்சக்கரத்தை இடிக்கும். கியர் தானா தாவாம என்ன செய்யும்?

நீளத்துக்கு வருவோம். முறிஞ்சதை எடுக்குறப்போ உள் கண்ணி ஒண்ணு, வெளிக் கண்ணி ஒண்ணு, ஆக ரெண்டா எடுத்தாத்தான் திரும்பச் சேரும். நீளத்துல சரியா 1 அங்குலம் போகும். ரெண்டுதடவை அறுந்து ரெண்டுதடவை வெட்டினா 2 அங்குலம். இந்தச் செயினோட முன்னால பெரிய செயின்வீல், பின்னால பெரிய பல்சக்கரம் போட்டுப் பாருங்க: டீரெய்லர் கேஜ் முழுசா முன்னால இழுபட்டு விறைச்சு நிக்கும். அதையும் மீறி மிதிச்சா ஹேங்கர் முறியும், இல்ல கேஜ் பிடுங்கிக்கும். அந்த கியர் சேர்க்கை தேவையே இல்லாத ஒண்ணுதான், ஆனாலும் யாராவது தெரியாம ஒருநாள் போடத்தான் போறாங்க. அதனால செயின் அதைத் தாங்குற நீளத்துல இருந்தாகணும்.

சரியான அளவு எடுக்குறது ரொம்பச் சுலபம். டீரெய்லருக்குள்ள நுழைக்காம, முன் பெரிய செயின்வீல், பின் பெரிய பல்சக்கரம் ரெண்டையும் சுத்திச் செயினை இழுத்துப் பிடிச்சு, நுனிகள் சேர்ற இடத்துலேருந்து ரெண்டு கண்ணி கூட்டி வெட்டணும். பின் சஸ்பென்ஷன் இருக்குற வண்டின்னா அது அமுங்குறப்போ செயின் எங்க அதிகமா நீளுதோ அந்த நிலையில வெச்சு அளக்கணும். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு நடுவுல அறுந்தா ரெண்டு கண்ணியை எடுத்துட்டு வீடு வந்து சேர்றதுல தப்பே இல்ல. அதுவரைக்கும் முன்னால பெரிய செயின்வீல் பக்கமே போகாம இருக்கணும், அவ்வளவுதான். ஆனா அதையே நிரந்தரமா விட்டுட்டு ‘எல்லாம் சரி பண்ணியாச்சு’ன்னு காசு வாங்குறதைத்தான் ஏத்துக்கவே முடியல.

அடுத்தது ஹேங்கர். டீரெய்லரை ஃபிரேமோட பிடிச்சிருக்குற அந்தத் துண்டைப் பத்தி எத்தனை கடையில பேசுறாங்க? செயின் அறுந்தப்போ அதோட வால் பின்னால பல்சக்கரத்துலயோ ஸ்போக்ஸ்லயோ சுத்திக்கிட்டு டீரெய்லரை இழுத்திருக்கும், இல்ல வண்டி வலப்பக்கம் சாய்ஞ்சு விழுந்திருக்கும். ஹேங்கர் கொஞ்சம் வளைஞ்சாலே போதும், மேல ரெண்டு கியர் சரியா விழும், கீழ ரெண்டு விழாது; கீழதைச் சரி பண்ணினா மேலது கெடும். கேபிளை எவ்வளவு திருகினாலும் ரெண்டு பக்கமும் ஒரே சமயத்துல சரியாகலைன்னா ஹேங்கரைச் சந்தேகப்படணும். வண்டிக்குப் பின்னால குனிஞ்சு பாருங்க. டீரெய்லரோட ரெண்டு சின்னப் புல்லியும் மேல இருக்குற பல்சக்கரத்தோட ஒரே கோட்டுல செங்குத்தா தொங்கணும். கீழ்ப்புல்லி ஸ்போக்ஸ் பக்கம் சாய்ஞ்சிருந்தா ஹேங்கரோ கேஜோ வளைஞ்சிருக்கு.

இதுக்குன்னு நீளக் கைப்பிடியோட அளவுக் கருவி இருக்கு. டீரெய்லரைக் கழட்டிட்டு ஹேங்கர் மரையில திருகி, ரிம்மோட மேல, கீழ, முன்ன, பின்ன நாலு இடத்துலயும் இடைவெளி பார்க்கணும்; வித்தியாசம் 4 மி.மீ.க்குள்ள இருக்கணும். கருவி இல்லையா? ஹேங்கர் மரை 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி. நட்டு போட்டு முடுக்குற கெட்டி ஆக்ஸில் இருக்குற பின் சக்கரத்தோட மரையும் பெரும்பாலும் அதேதான். பழைய சக்கரம் ஒண்ணை ஹேங்கர்ல திருகி, ரெண்டு ரிம்மும் இணையா இருக்கான்னு பார்த்து மெதுவா வளைச்சுக்கலாம். இரும்பு ஹேங்கர் தாங்கும். அலுமினியம் ஒருதடவை நிமிரும், அடுத்ததடவை விரிசல் விடும், அதனால மாத்திடுறது நல்லது. இங்கதான் இன்னொரு வயித்தெரிச்சல்: மாடலுக்கு மாடல் ஹேங்கர் வடிவம் வேற, ஆனா வண்டி விக்கிறவங்க யாரும் உபரியா ஒண்ணு தர்றதும் இல்ல, கேட்டா எடுத்து வெக்கிறதும் இல்ல. வண்டி வாங்குறப்பவே ஒண்ணு கேட்டு வாங்குங்க, சண்டை போட்டாவது. மலிவான வண்டிகள்ல ஹேங்கர் டீரெய்லரோட தகடாவே வந்து ஆக்ஸில் நட்டோட இறுகும். அதுல சக்கரத்தைக் கழட்டி மாட்டும்போதே கோணம் மாறிடும். நட்டைத் தளர்த்தி நேரா வெச்சு இறுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

செயின் போற பாதையையும் பாருங்க. டீரெய்லர் கேஜுக்கு நடுவுல ஒரு சின்னத் தகடு நீட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டு புல்லிக்கும் நடுவுல. செயின் அதோட உள்பக்கமா, புல்லிகளை ஒட்டிப் போகணும். புதுசா மாட்டுறவங்க அதைத் தாண்டி வெளிப்பக்கமா விட்டுடுறாங்க. வண்டி ஓடும், கரகரன்னு ஒரு சத்தம் வரும், கியர் கனமா விழும். உடனே ‘பேரிங் போச்சு’ன்னு பில்! புல்லிகளைக் கழட்டித் துடைச்சு மாட்டுறப்போ மேலதைக் கீழயும் கீழதை மேலயும் போட்டாலும் கெடும். மேல்புல்லிக்கு வேணும்னே பக்கவாட்டுல கொஞ்சம் ஆட்டம் விட்டிருப்பாங்க. முன் டீரெய்லர் கேஜும் இழுபட்டிருக்கலாம்: பெரிய செயின்வீல் பல் நுனிக்கும் கேஜ் அடிப்பக்கத்துக்கும் 1-லேருந்து 3 மி.மீ. இடைவெளி, பக்கவாட்டுல செயின்வீலுக்கு இணை.

வழுக்குறதுக்கு வருவோம். அந்த டக்குங்கிற சத்தத்தோட தாளத்தைக் கவனிச்சாலே காரணம் தெரிஞ்சிடும். 114 கண்ணிச் செயின், 42 பல் செயின்வீல்னா பெடல் சுமார் இரண்டே முக்கால் சுத்து சுத்தும்போது செயின் ஒரு முழுச் சுத்து வரும். அந்தக் கணக்குல திரும்பத் திரும்ப வந்தா ஏதோ ஒரு கண்ணி இறுகியோ முறுகியோ இருக்கு, பெரும்பாலும் கடையில சேர்த்த கண்ணிதான். பெடலைப் பின்னோக்கி மெதுவா சுத்திக் கீழ்ப்புல்லியைப் பாருங்க, மடங்காம விறைப்பா தாண்டுற கண்ணி கண்ணுல படும். ரெண்டு பக்கமும் பிடிச்சுப் பக்கவாட்டுல லேசா வளைச்சா இறுக்கம் விடும். முறுக்கிக்கிட்ட கண்ணின்னா எடுத்துட வேண்டியதுதான். அழுத்தி மிதிச்சா மட்டும், அதுவும் ஒண்ணு ரெண்டு பல்சக்கரத்துல மட்டும் வழுக்கினா அந்தப் பல் தேய்ஞ்சிருக்கு. எந்த கியர்லயும் செயின் பல்லைத் தாண்டாமலே பெடல் மட்டும் நழுவினா ஃப்ரீவீலுக்குள்ள (பின் பல்சக்கரத் தொகுதி) இருக்குற கொக்கி போச்சு. எந்த இடத்துலயாவது ஸ்க்ரூ வருதா?

புதுச் செயின் மாட்டினதும் வழுக்குதுன்னா செயின் மேல கோபப்படாதீங்க. பழைய செயின் தேய்ஞ்சு நீண்டு, பல்சக்கரத்தையும் தனக்கேத்த மாதிரி தேய்ச்சு வெச்சிருக்கும். ஸ்டீல் ஸ்கேலை வெச்சு ஒரு பின் நடுவுலேருந்து 24 கண்ணி தள்ளி அளங்க. புதுசுல 12 அங்குலம். 12 1/16 வந்தா 0.5 சதவீதம் நீண்டிருக்கு: 11, 12 கியர் வண்டிக்கு மாத்துற நேரம். 0.75 சதவீதம் மத்ததுக்கு. 12 1/8-ஐத் தொட்டுட்டா ஃப்ரீவீலையும் சேர்த்துத்தான் மாத்தணும். அறுந்த செயினை ஒட்டுறதுக்கு முன்னாடி இந்த அளவை ஒருத்தர் எடுத்துப் பார்த்தா எவ்வளவு காசு மிச்சம்!

இத்தனையும் சரியா இருந்தாத்தான் கேபிள். கைப்பிடியில கியர் மாத்துற ஷிஃப்டரைச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு கிளிக்கா ஏத்துங்க. பெரிசுக்கு ஏறத் தயங்கினா, கேபிள் டீரெய்லருக்குள்ள நுழையுற இடத்து உருளையை வெளிப்பக்கமா கால் சுத்து, அதாவது கேபிள் இறுகுற பக்கம். சின்னதுக்கு இறங்கத் தயங்கினா உள்பக்கமா கால் சுத்து. கால் சுத்துக்கு மேல ஒரே நேரத்துல திருகவே கூடாது. ரெண்டு பக்கமும் தயங்கினா, கேபிளோட வெளி உறையான அவுட்டருக்குள்ள துரு. தயவுசெஞ்சு கியருக்கு பிரேக் அவுட்டரைப் போடாதீங்க! அது சுருள் கம்பி, இழுத்தா அமுங்கும், கிளிக் கணக்கு தப்பும். கியர் அவுட்டர்ல கம்பிகள் நீளவாக்குல ஓடும், உள்ள ஓடுற கேபிளான இன்னர் 1.2 மி.மீ. தடிமன்.

ஏற்கனவே யாரோ ஸ்க்ரூவைத் திருகித் தொலைச்சிருந்தா மீட்கலாம். கேபிளைக் கழட்டுங்க. டீரெய்லர் தானா சின்னப் பல்சக்கரத்துக்கு வரும். பின்னாலேருந்து பார்த்து, மேல்புல்லி அந்தப் பல்சக்கரத்தோட வெளி விளிம்புக்கு நேர் கீழ வர்ற வரைக்கும் எச் ஸ்க்ரூவைத் திருகுங்க. உள்பக்கமா முடுக்கினா புல்லி சக்கரத்தை நோக்கி நகரும். அப்புறம் கேபிளை மாட்டி, பெடலைச் சுத்திக்கிட்டே கையால டீரெய்லரைப் பெரிய பல்சக்கரம் வரைக்கும் தள்ளுங்க. புல்லி அதுக்கு நேர் நடுவுல நிக்கிற இடத்துல எல் ஸ்க்ரூ முட்டணும், அதுக்கு மேல எவ்வளவு தள்ளினாலும் ஸ்போக்ஸ் பக்கம் போகக் கூடாது. மூணாவதா பின்பக்கம் ஒரு ஸ்க்ரூ இருந்தா, பெரிய பல்சக்கரத்துல இருக்கும்போது மேல்புல்லிக்கும் பல்லுக்கும் 5, 6 மி.மீ. இடைவெளி வெச்சுக்குங்க; 12 கியர் வண்டிகளுக்கு மட்டும் டீரெய்லர்ல போட்டிருக்குற குறியையோ அதோட அளவுத் தகட்டையோ பார்த்து வைக்கணும்.