எதை எதனோடு ஒப்பிடச் சொல்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை நண்பர்களில் பாதிப் பேர் நேரிலேயே பார்த்தீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கவில்லை. கடலூரிலிருந்து சென்னைக்குக் காலை ரயில் கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "சென்னைக்குப் போக எத்தனையோ வழி இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்து வசதியானதில் போக வேண்டியதுதானே, காரில் மூன்றரை மணி நேரம்" என்று ஒரு பெரியவர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதற்கு நம்மவர்களே சிலர் கைதட்டியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐயா, ஒப்பிடுவதற்கு முதலில் இரண்டாவதாக ஒன்று வேண்டும். காலை ஒன்பது மணிக்குச் சென்னையில் இருந்தாக வேண்டிய, சொந்தக் கார் இல்லாத கடலூர்க்காரருக்கு இருப்பது பேருந்து ஒன்றுதான்.

ரயிலே இல்லையா என்று கேட்பீர்கள். பெயர் சொல்ல நிறைய இருக்கின்றன. உழவன் தஞ்சாவூரிலும், மன்னை மன்னார்குடியிலும் புறப்பட்டு, ஊர் உறங்கும் நேரத்தில் நம்மைக் கடந்து போகின்றன. விடியலையொட்டி வரும் செந்தூர் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில், திருச்செந்தூர் தொடங்கி வழியெல்லாம் ஏறியவர்கள் கழிப்பறை வாசல் வரை உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் ஒன்பதைத் தாண்டித்தான் எழும்பூரைத் தொடும். சோழன் பகல் ரயில்தான், ஆனால் அது மாலையில்தான் போய்ச் சேரும். அந்நேரம் மருத்துவமனையில் புறநோயாளிகள் பிரிவைப் பூட்டிப் பெருக்கியிருப்பார்கள். நம் ஊரிலிருந்தே புறப்பட்டு, நம் ஊர்க்காரர் உட்கார்ந்து போகும் சென்னை ரயில் எது? மீட்டர்கேஜை மூடி அகலப் பாதையாக்குகிறோம் என்றபோது, சில ஆண்டுகள் சென்னை ரயிலே இல்லாமல் பொறுத்துக்கொண்ட ஊர் இது. 2010-இல் ரயில் திரும்பி வந்தது. ஆனால் விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் வரையிலான இந்த முதன்மைப் பாதை இன்றும் ஒற்றைப் பாதைதான். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்பதே பயணத்தில் ஒரு பங்கு. மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு வரப்போவதாகச் சொன்ன கடற்கரை ரயில் பாதையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே பலர் தேர்தலில் வென்றுவிட்டார்கள்.

புதுச்சேரியில் அதிகாலை ரயில் இருக்கிறதே என்றார் ஒருவர். இருக்கிறது. அதைப் பிடிக்க நாம் விடிவதற்கு வெகு முன்பே கடலூரில் கிளம்பி, இருபது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய், அங்கே ஏறி மேற்கே விழுப்புரத்துக்கு வந்து, பிறகு மறுபடி வடக்கே திரும்ப வேண்டும். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் பெருமான் இதைவிட நேர்வழியில் நம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியிருப்பார்.

கார் பற்றிய கணக்கை நான் போட விரும்பவில்லை. மூன்றரை மணி நேரம் என்பது புதுச்சேரி நெரிசலில், அரியாங்குப்பத்திலும் இந்திரா காந்தி சதுக்கத்திலும் நிற்காதவரின் கணக்கு. சுங்கச்சாவடியும் பெட்ரோலும் வாடகைக் காரின் ஓட்டுநர் படியும் சேர்த்துப் பார்த்தால், என்னைப் போன்றவருக்கு அது ஒரு மாத மளிகை.

ஆகவே பேருந்து. பேருந்து நிறைய இருக்கிறது, எந்த நேரத்துக்கும் இருக்கிறது, ஓட்டுநர்களும் நடத்துநர்களும் தங்களால் ஆனதைச் செய்கிறார்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டதையும் நான் எதிர்க்கவில்லை, கோயம்பேட்டு நெரிசலைப் பார்த்த எவரும் எதிர்க்க மாட்டார். ஆனால் விழுப்புரம் வழியாக வரும் வண்டி வண்டலூர் பக்கமுள்ள அந்த நிலையத்திலேயே இறக்கிவிட்டால், நகருக்குள் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு அங்கிருந்து இன்னொரு பயணம் தொடங்குகிறது.

என் அம்மாவை இதய மருத்துவப் பிரிவுக்கு அழைத்துப் போகும் ஒவ்வொரு முறையும், முந்தைய நாள் மாலையிலிருந்தே அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். மாத்திரையைக்கூட ஒரு மிடற்றோடு விழுங்குவார். நீர் பிரியும் மாத்திரையை "சென்னைக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறேன்" என்று முந்தானையில் முடிந்துகொள்வார். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார், எனக்கும் முதலில் புரியவில்லை. ஒரு முறை அச்சிறுப்பாக்கத்துக்கு முன்னால், அடக்க முடியாமல் என் கையைப் பிடித்தார். நான் எழுந்துபோய் நடத்துநரின் காதோடு சொன்னேன். அவர் நல்ல மனிதர், உடனே விசில் ஊதினார். வண்டி நின்றது. ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, எழுபது வயதுப் பெண் நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்கி, கைப்பேசி வெளிச்சத்தில் முள்செடி மறைவு தேடினார். திரும்ப ஏறியபோது யாரோ "இதெல்லாம் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வரக்கூடாதா" என்றார்கள். அம்மா அதற்குப் பின் சென்னை வரை பேசவில்லை.

இதற்கும் போக்குவரத்துக்கும் என்ன தொடர்பு, உணர்ச்சிவசப்படுகிறீர்கள் என்று சிலர் எழுதுவீர்கள். இதுதான் போக்குவரத்து. நேரமும் கட்டணமும் போட்டு அட்டவணை தயாரிக்கும் அறிவாளிகள் எவரும் அதில் கழிப்பறை என்றொரு கட்டம் போடுவதில்லை, ஏனென்றால் அட்டவணை போடுகிறவர்கள் பெரும்பாலும் சாலையோரத்தில் நின்றுகொண்டே கடமையை முடித்துவிடக்கூடியவர்கள். கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பேருந்தில் ஏறலாமே என்றால், மரக்காணம் வழியாகப் போவதால் அந்தப் பேருந்துக்குக் கழிப்பறை முளைத்துவிடாது. வழியில் மோட்டலில் நிறுத்துகிறார்களே என்றால், அங்கே ஒரு முறை உள்ளே போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.

எங்களுக்கு வந்தே பாரத் வேண்டாம், குளிர்சாதனமும் வேண்டாம். கடலூர் துறைமுகம் சந்திப்பிலேயே புறப்பட்டு, காலை ஒன்பதுக்குள் எழும்பூர் சேர்ந்து, மாலை ஆறுக்கு மேல் திரும்பும் சாதாரண ரயில் ஒன்று போதும். மனுவில் இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள், கைதட்டியவர்கள் உட்பட, இந்த வாரத்துக்குள் வந்து போடுங்கள். அந்த ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பெரியவர் எத்தனை வழிகளை வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பேசட்டும், நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.