நெல்லுக்கு முந்தியே கூடின ஜீன்
விவசாயம் வந்தாப்பிறகுதான் மனுசருக்கு எச்சில் அமைலேஸ் (மாச்சத்தை உடைக்கிற நொதி) ஜீனின்ட பிரதிகள் கூடினது எண்டு ஒரு கட்டுரையில கிடக்கு, அது அரைவாசிதான் சரி. சிம்பன்சிக்கு 2 பிரதி, எங்களுக்குச் சராசரியா 6 மாதிரி, அது ஓகே, ஆனா 2024ல வந்த ஆய்வில நியண்டர்தால், டெனிசோவன் எண்டுற அழிஞ்சுபோன பழைய மனுச இனங்களிட்டயும் கூடுதல் பிரதி கண்டவை, முதல் இரட்டிப்பு 8 லட்சம் வருசத்துக்கு முந்தியே நடந்திருக்கலாம் எண்டு சொல்லினம், அப்ப எங்க வயல், எங்க நெல்லு? விவசாயம் பிறகு அதை இன்னும் கூட்டிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கட்டுரைக்குக் கருத்துப் போட்ட ஒராள் குரங்குக்கு மாச்சத்தே செமிக்காது எண்டு எழுதியிருக்கிறார், அவர் ஒருக்கா முல்லைத்தீவுப் பக்கம் வந்து எங்கட சோளன் தோட்டத்தைப் பாக்கட்டும், செங்குரங்குகள் கன்னப்பை நிறைய அடைஞ்சுகொண்டு ஓடுறதை! அந்த மக்காக் இனங்களின்ட எச்சிலிலயும் அமைலேஸ் நல்லாவே இருக்கு, வெடி கொளுத்திப் போட்டாலும் அசையாதுகள்.